மூணு வாத்து மார்க் கருந்துளை

மாவட்ட அறிவியல் மனப்பான்மை வளர்ப்புக் குழுவுக்குக் கோவில்பட்டியில் ஓர் உரக்கடையின் மாடியைப் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். மாடியில் நான்கு மேசைகள், பதினோரு நாற்காலிகள், ஓர் உலக உருண்டை. உருண்டையில் ஆஸ்திரேலியாவைப் பூச்சி அரித்துவிட்டது. தணிக்கைக்கு வந்த அதிகாரி இருப்புப் பதிவேட்டில் 'ஒரு கண்டம் குறைவு' என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கு விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்குப் பதில் தயாரிப்பதிலேயே குழுவின் முதல் ஆறு மாதம் கழிந்தது.

நாட்டு மக்களிடம் அறிவியல் மனப்பான்மை போதவில்லை என்று மேலே யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். எண்பத்து மூன்றாம் வருஷம் முடிவதற்குள் அதை வளர்த்து, வளர்ந்த அளவை மூன்று பிரதிகளில் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. குழுவின் தலைவர் தனி அலுவலர் செண்பகராஜ். கூட்டுறவுத் துறையில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். கண்காணிப்பாளர் ஆறுமுகசாமி, எந்தக் காகிதத்துக்கு மேல் எந்தக் காகிதத்தை வைக்க வேண்டும் என்பதைக் கரைத்துக் குடித்தவர். இவர்களோடு ஊர்ப் பெரியவர்கள் ஏழு பேர். அவர்களில் முக்கியமானவர் தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி காசிராஜன், ஏனென்றால் கூட்டத்துக்கு வடையும் காப்பியும் அவர் உபயம்.

அறிவியல் தெரிந்தவர் என்று அங்கே ஒருவர்தான் இருந்தார். அவர்தான் பரமசிவன். இயற்பியலில் எம்.எஸ்ஸி., அதற்குமேல் பி.எட். அவருடைய நிஜமான வேலை தர்மபுரிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். மனைவி வள்ளித்தாய் கோவில்பட்டியில். கல்யாணமாகி ஒன்பது வருஷம், இரண்டு முறை கரு தங்காமல் போய், இப்போது ஐந்தாம் மாதம். படி ஏறக்கூடாது, பஸ்ஸில் போகக்கூடாது, தனியாக இருக்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பரமசிவன் யார் யாரையோ பிடித்து, 'பொருள் வல்லுநர்' என்ற பெயரில் டெப்புடேஷன் வாங்கிக் குழுவுக்கு வந்து சேர்ந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செண்பகராஜ் கையெழுத்துப் போட்டால் நீடிக்கும். போடாவிட்டால் மறுநாள் தர்மபுரி பஸ். இவ்வளவுதான் அவருடைய நிலைமை.

செண்பகராஜ் சென்னையில் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். அங்கே ஒரு பேராசிரியர் ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறார். அதில் பாதி நேரம் செண்பகராஜ் விழித்திருந்தார். விழித்திருந்த பாதியில் கருந்துளை வந்தது.

"இந்த வருஷம் நம்ம மாவட்டத்துக்குக் கருந்துளை" என்று அவர் கூட்டத்தில் அறிவித்தார். "பக்கத்து மாவட்டத்துக்காரங்க புகையில்லா அடுப்பு எடுத்திருக்காங்க. நாம அதைவிடப் பெரிசா எடுக்கணும். புத்தகம் போட்டா யாரும் படிக்க மாட்டான். வீட்டுக்கு வீடு, கைக்குக் கை போகிற பொருள் எது? யோசிங்க."

ஊர்ப் பெரியவர்கள் யோசித்தார்கள். காசிராஜன் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். 'மூணு வாத்து' மார்க். லேபிளில் மூன்று வாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நீந்திக்கொண்டிருந்தன.

"இது போகாத வீடு உண்டா சார்? வாத்துக்குக் கீழ எடம் கெடக்கு. எழுதிக் குடுங்க, அடிச்சிருவோம்."

யோசனை நல்ல யோசனைதான். பரமசிவனுக்குக்கூட மனசு துள்ளியது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினார். 'சூரியன் ஒருநாளும் கருந்துளை ஆகாது; ஆகும் அளவுக்கு அதற்கு எடை இல்லை. ஒருவேளை சூரியன் இருக்குமிடத்தில் அதே எடையுள்ள கருந்துளை ஒன்று இருந்தாலும், அது பூமியை விழுங்காது. பூமி இப்போதுபோலவே சுற்றிவரும்.' எழுதி முடித்ததும் வள்ளித்தாய்க்குப் படித்துக் காட்டினார். அவளுக்குப் புரிந்தது. அவளுக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும் என்று அவர் நம்பியதுதான் தப்பு.

அடுத்த கூட்டத்தில் காசிராஜன் சட்டையைக் கழற்றாத குறையாக வருத்தப்பட்டார். "அண்ணாச்சி, இம்புட்டையும் போட்டா வாத்தை எங்க கொண்டு விடுவேன்? எட்டு வார்த்தைக்கு மேல ஒரு எழுத்துக்கு எடமில்ல."

செண்பகராஜுக்கு வருத்தம் வேறு இடத்தில். தாளை இரண்டுமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார்.

"மிஸ்டர் பரமசிவன், துளைன்னா விழுங்கணும். விழுங்காத துளைக்கு நான் எப்படி விழா எடுக்கிறது? மேலிடத்துக்கு என்னன்னு அறிக்கை அனுப்புறது? 'ஒன்றும் ஆகாது என்று மக்களுக்கு விளக்கப்பட்டது' அப்படின்னா?"

"சார், இழுக்கிறது எடைதான். அளவு இல்ல" என்றார் பரமசிவன். "நம்ம ஊர்ல பருத்தியை மிஷின்ல போட்டு அமுக்கிப் பேல் கட்டுறோம். அறை நிறையக் கெடந்த பஞ்சு ஒரு மூட்டைக்குள்ள அடங்கிருது. எடை கூடிருமா? அதே எடைதானே? சூரியனையும் அப்படி அமுக்கிக் கயத்தாறு அளவுக்கு ஆக்கினாலும், தூரத்துல இருக்குற பூமிக்கு அதே இழுப்புத்தான். கிட்டக்கப் போய் விழுந்தாத்தான் ஆபத்து."

"எடை ஒண்ணுதான்" என்று காசிராஜன் ஒப்புக்கொண்டார். "ஆனா பேல் கட்டுனா லாரி வாடகை கம்மி."

இதைக் குறிப்பேட்டில் ஏற்றினார்கள். செண்பகராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க படிப்பை நான் மதிக்கிறேன். ஆனா ஒரு விஷயம். மக்களுக்குப் பயம் வந்தாத்தான் யோசிப்பாங்க. யோசிச்சா அதுதான் அறிவியல் மனப்பான்மை. கூட்டுறவுல நான் பார்த்தவரைக்கும், பயப்படாதவன் ஒருத்தன்கூட ஆபீஸ் படி ஏறினதில்லை. இது ஜனநாயக நாடு. விழுங்குமா விழுங்காதான்னு வாக்கெடுப்பு வெச்சிருவோம்."

விழுங்கும் என்று ஒன்பது கைகள் எழுந்தன. பரமசிவன் கையைத் தூக்குவதற்குள் ஆறுமுகசாமி குனிந்து காதோடு சொன்னார்: "சார், பொருள் வல்லுநருக்கு ஓட்டு கெடயாது. கையெழுத்து மட்டுந்தான் உண்டு."

கருந்துளை பூமியை விழுங்கும் என்று ஏகமனதாக முடிவாயிற்று. வாசகம் எட்டு வார்த்தைக்குள் வந்தது. 'எச்சரிக்கை! சூரியன் கருந்துளை ஆகும். பூமியை விழுங்கும்.' எண்ணிப் பார்த்ததில் ஆறு வார்த்தைதான் இருந்தது. இரண்டு வார்த்தைக்கு இடம் சும்மா கிடப்பதைக் காசிராஜன் சுட்டிக்காட்டினார். அச்சுக்கூலி ஒன்றுதானே. செண்பகராஜ் சற்று யோசித்து, 'எந்நேரமும்' என்பதைச் சேர்த்தார். எட்டாவது வார்த்தைக்கு ஒன்றும் தோன்றாததால் அந்த இடத்தைப் பொருள் வல்லுநரின் பெயருக்கு விட்டார்கள். தணிக்கையில் யார் பொறுப்பு என்று கேட்டால் சொல்ல ஆள் வேண்டுமே.

மறுநாள் காலை ஆறுமுகசாமி பரமசிவனின் மேசைமேல் இரண்டு தாள்களை வைத்தார். மேலே லேபிள் மாதிரி. அடியில் டெப்புடேஷன் நீட்டிப்பு உத்தரவு, செண்பகராஜ் கையெழுத்துக்காக.

"இது ரெண்டும் சேந்தே போகணும் சார். ஒண்ணு மட்டும் தனியாப் போகாது. நான் என்ன செய்ய, ஆபீஸ் வழக்கம் அப்படி." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "வீட்டுல அம்மா எப்படி இருக்காவ? வாந்தி நின்னுட்டா?" என்று கேட்டார்.

ஆறுமுகசாமி கெட்டவரில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் பரமசிவன் கோபப்பட்டுத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கக்கூடும். அவரோ உண்மையான அக்கறையோடு பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். பரமசிவன் லேபிள் மாதிரியில் கையெழுத்துப் போட்டார். போடும்போது, படித்த காலத்தில் பரீட்சைத் தாளில் தெரிந்தே தவறான விடை எழுதியதில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

வெளியீட்டு விழா காசிராஜன் கம்பெனி முற்றத்தில் நடந்தது. தீக்குச்சி மருந்து வாடை. குச்சி அடுக்கும் பெண்கள், லேபிள் ஒட்டும் பெண்கள் இருநூறு பேரை வேலை நிறுத்தி உட்கார வைத்திருந்தார்கள். விண்வெளி எப்படி வளைகிறது என்பதைத் தனி அலுவலரே செய்து காட்டுவார் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. அதற்காக வாட்ச்மேனின் நைலான் கட்டிலைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். செண்பகராஜ் ஓர் ஐந்து கிலோ எடைக்கல்லைக் கட்டில் நடுவே வைத்தார். கட்டில் குழிந்தது. ஓரத்தில் ஒரு கோலிக்குண்டை விட்டார். அது உருண்டு போய்க் கல்லில் இடித்து நின்றது.

"பார்த்தீங்களா? கல்தான் சூரியன். குண்டுதான் பூமி. வெளி வளைஞ்சு போச்சு, பூமி உள்ள போயிருச்சு!"

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் வெயிலம்மாள். எப்போதும்வென்றான் ஊருக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து விடியுமுன் கம்பெனி வண்டியில் வந்து லேபிள் ஒட்டுகிறவள். விரலெல்லாம் பசை காய்ந்திருந்தது.

"சார், ஒரு சந்தேகம். இங்கன பூமி கீழ இழுக்குது, அதான் கல்லு அமுங்குது. ஆகாசத்துல கீழன்னா எது சார்? அங்கன கல்லைக் கீழ இழுக்கது யாரு?"

பரமசிவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கட்டிலையும் கல்லையும் வைத்து அவருக்குப் பாடம் நடத்திய பேராசிரியரிடம் வகுப்பிலிருந்த முப்பது பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி அது. அந்தக் கட்டில் வெறும் பொம்மை. விளக்க வந்த ஈர்ப்பையே உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு விளக்குகிற பொம்மை என்று எழுந்து சொல்ல அவருக்கு வாய் துடித்தது.

"நிகழ்ச்சி நிரல்ல கேள்வி இல்லம்மா" என்றார் செண்பகராஜ். "உட்காரு. நன்றியுரைக்கு அப்புறம் ஆரஞ்சு மிட்டாய் தருவாங்க."

அந்த நேரத்தில் கட்டிலின் பழைய நாடா பட்டென்று அறுந்தது. எடைக்கல் பொத்துக்கொண்டு தரையில் விழுந்தது. கோலிக்குண்டும் அதன் பின்னாலேயே போயிற்று. எல்லோரும் திகைத்தார்கள். செண்பகராஜ் மட்டும் திகைக்கவில்லை. பதினெட்டு வருஷம் சர்வீஸ். "இதுதான் கருந்துளை!" என்றார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

வெயிலம்மாள் உட்காரவில்லை. மேடைமேல் இருந்த பரமசிவனைப் பார்த்தாள்.

"அவிய கெடக்கட்டும். லேபிள்ல ஒங்க பேருதான இருக்கு? நீங்க படிச்சவிய. நெசமாவே முழுங்கிருமா சார்?"

செண்பகராஜ் பரமசிவனைத் திரும்பிப் பார்த்தார். ஆறுமுகசாமியும் பார்த்தார். அவர் அக்குளில் ஒரு கோப்பு இருந்தது. நீட்டிப்பு உத்தரவு இன்னும் தபாலில் சேரவில்லை.

"முழுங்கும்" என்றார் பரமசிவன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு வாரத்தில் புதுப் பெட்டி கடைகளுக்கு வந்துவிட்டது. வள்ளித்தாய் அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தவள், லேபிளைப் பார்த்துப் பூரித்துப் போனாள். "இங்க பாருங்க, ஒங்க பேரு! எம்.எஸ்ஸி.யையும் போட்டிருக்காவ!" பெட்டியைத் தண்ணீரில் நனைத்து லேபிளை நோகாமல் உரித்தெடுத்து, பிறக்கப்போகும் பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று காலண்டர் அட்டையில் ஒட்டினாள். வாசகத்தைப் படித்ததும் முகம் மாறியது. "நீங்க படிச்சுக் காட்டுனது வேற மாதிரில்லா இருந்துச்சு?" என்றாள். "இடமில்லை" என்றார் பரமசிவன். அது பொய்யும் இல்லை.

லேபிள் இருபது லட்சம் பெட்டிகளில் போயிற்று. குழுவுக்குள் அறிவியல் மனப்பான்மை கிடுகிடுவென்று வளர்ந்தது. கனமான பொருளுக்கு அருகே காலம் மெதுவாகப் போகும் என்று பரமசிவன் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். ஆறுமுகசாமி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆஸ்திரேலியா பற்றிய விளக்கம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்ட கடிதத்துக்கு, 'தனி அலுவலர் அவர்களின் கனம் காரணமாக இவ்வலுவலகத்தில் காலம் மெதுவாகச் செல்வதால் தாமதம் ஏற்பட்டுள்ளது' என்று பதில் போனது. பதில் ஏற்கப்பட்டது. அதைப் பார்த்து மற்ற அலுவலகங்களும் தங்கள் தலைவர்களின் கனத்தைக் குறிப்பிட ஆரம்பித்தன.

ஆவணி பாதியில் ஊர்களில் பேச்சு வேறு மாதிரி போக ஆரம்பித்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஸ்கைலேப் விண்கலம் தலையில் விழப்போகிறது என்று ஆட்டையும் கோழியையும் அடித்துத் தின்ற சனங்கள் அவர்கள். அது எங்கோ கடலில் விழுந்து தொலைந்தது. ஆனால் அதற்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. இதற்கு ஒரு எம்.எஸ்ஸி. போட்டிருக்கிறார். பீடி பற்றவைக்கும்போதெல்லாம் 'எந்நேரமும்' என்கிறது. உழுது போட்ட காடு மழைக்குக் காத்துக்கிடக்க, விதைப்பதில் அர்த்தமில்லை என்று ஒருவர் சொன்னார், பிறகு நாலு பேர் சொன்னார்கள். தானியக் குலுக்கைகளில் வேப்பிலை போட்டுப் பத்திரப்படுத்தியிருந்த விதைப்பயறும் விதைக்கம்பும் அடுப்புக்குப் போயின. எப்படியும் சாகப்போகிற பிள்ளைகள் வயிறாரத் தின்றுவிட்டுச் சாகட்டும் என்று நினைத்தார்கள்.

செய்தி மேலே போனது. மேலேயிருந்து தந்தி வந்தது. செண்பகராஜ் அவசரக் கூட்டம் கூட்டினார்.

பரமசிவன் எழுந்து நின்றார். "சார், லேபிள் தப்புன்னு ஒரு நோட்டீஸ் அடிச்சுக் குடுத்துருவோம். நானே போய்ச் சொல்லுதேன்."

"தப்பா?" செண்பகராஜுக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. "ஏகமனதா நிறைவேறின தீர்மானம் எப்படித் தப்பாகும்? வேற யோசனை சொல்லுங்க."

வேறு யோசனையை ஆறுமுகசாமி சொன்னார். ரத்து செய்தால்தான் தப்பென்று ஆகும். ஒத்திவைத்தால் ஆகாது. இப்படியாக, உலகத்தில் எந்த வானியல் கூடமும் இதுவரை செய்யாத காரியத்தை உரக்கடை மாடியில் இருபது நிமிஷத்தில் செய்து முடித்தார்கள். 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, சூரியன் கருந்துளையாவது நடப்பு ஐந்தாண்டுத் திட்டம் முடியும்வரை ஒத்திவைக்கப்படுகிறது. பொதுமக்கள் வழக்கம்போல் விதைக்கலாம்.' அதை வாசித்துவிட்டு வரப் பரமசிவனையே அனுப்பினார்கள். அந்தக் கோப்போடு சேர்ந்து இன்னொரு தாளும் இருந்தது. இந்த முறை நீட்டிப்பு இல்லை. கோவில்பட்டிக்கே நிரந்தர மாறுதல். வள்ளித்தாய்க்கு ஏழாம் மாதம். அவர் கோப்பைத் திருப்பிக் கொடுக்காமல் ஜீப்பில் ஏறினார்.

கடைசியாகப் போன ஊர் வெயிலம்மாளின் ஊர். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். மேற்கே மேகம் கூடிக் கறுத்துக்கொண்டிருந்தது. விதைக்கிறவனுக்கு மனசு பதறும் மேகம். வெயிலம்மாள் அவரை அடையாளம் கண்டு, வெயிலில் வந்திருக்கிறாரே என்று ஒரு கும்பாவில் அவித்த பாசிப்பயறு கொண்டுவந்து கொடுத்தாள். பசியில் அவர் முழுசும் தின்றார். நல்ல பயறாக இருக்கிறதே, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்.

"கடையில ஏது சார்? விதைக்கு வெச்சிருந்தது. அதுல கடைசிப் படி" என்றாள் வெயிலம்மாள்.

பரமசிவன் கும்பாவின் வெறும் அடியைப் பார்த்தார். கும்பாவைக் கீழே வைத்தார். அவர் நோட்டீஸை வாசிக்கவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால், ஒன்றரை மாதமாக வாயில் அடைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். சூரியன் கருந்துளை ஆகாது, இப்போது இல்லை, எப்போதும் இல்லை, அதற்கு எடை போதாது. அப்படியே அங்கே ஒரு கருந்துளை இருந்தால் இருட்டாகிவிடும், குளிர்ந்துவிடும், அது வேறு விஷயம். ஆனால் அது பூமியை இழுத்து விழுங்காது. பூமி தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். பேல் கட்டிய பருத்தியைச் சொன்னார். கட்டில் வித்தை தப்பு, வெயிலம்மாள் கேட்டது சரி என்று பெயர் சொல்லிச் சொன்னார். அவர் வாழ்நாளில் அவ்வளவு தெளிவாகப் பாடம் நடத்தியதில்லை.

 வெயிலம்மாளின் புருஷன் தவசி தலையைச் சொறிந்தார்.

"இது எந்தத் தாள்ல இருக்கு சார்?"

"எந்தத் தாள்லயும் இல்லய்யா. நான் சொல்லுதேன்."

"அன்னைக்கும் நீங்கதான சொன்னீய" என்றாள் வெயிலம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்துவதுபோல்தான் சொன்னாள். "அன்னைக்குத் தெரியாமச் சொன்னீயளா, தெரிஞ்சே சொன்னீயளா?"

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "தெரிஞ்சேதான்" என்றார்.

 காறித் துப்புவாள் என்று அவர் எதிர்பார்த்தார், துப்பினால் நல்லது என்றும் தோன்றியது. அவளோ அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "வீட்டுல ஏதும் கஷ்டமா சார்?" என்றாள்.

அவருக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. இல்லை என்று தலையை ஆட்டினார்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு மாட்டுவண்டி நின்றது. வெயிலம்மாளின் அண்ணன் முப்பிடாதி, கயத்தாறுப் பக்கத்துச் சம்சாரி, விவசாயம் பார்க்கிறவர். பீடி, சுருட்டு எதுவும் தொடாதவர், அடுப்படிப் பக்கமே போகாதவர், ஆகவே லேபிள் அவர் கண்ணில் பட்டதில்லை. அவர் வீட்டு விதை அப்படியே இருந்தது. வண்டி நிறைய மூட்டைகள். ஆனால் இறக்கவில்லை.

"தங்கச்சி ஊருன்னு கொண்டாந்துட்டேன்" என்றார் முப்பிடாதி. "வெள்ளாமை எடுத்துத் திருப்பித் தருவீய, சரி. வெள்ளாமைக்குச் சூரியன் நிக்கணும்லா? இந்த சார் ஒருக்கா முழுங்கும்ங்காரு, ஒருக்கா முழுங்காதுங்காரு. நான் எத நம்ப? கவருமெண்டுத் தாள் ஏதும் இருந்தாக் குடுங்க. கையெழுத்தோட."

எல்லோரும் பரமசிவனின் கையில் சுருட்டியிருந்த நோட்டீஸ்களைப் பார்த்தார்கள். தவசி ஒன்றை உருவி எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒத்திவைக்கப்படுகிறது. விதைக்கலாம். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

"இத மொதல்லயே குடுத்திருக்கலாம்லா!" என்றார் தவசி.

"அது பொய்யிய்யா" என்றார் பரமசிவன். "சூரியனை யாரும் ஒத்திவைக்க முடியாது. நான் இப்பம் சொன்னதுதான் உண்மை."

"இருக்கட்டும் சார்" என்றாள் வெயிலம்மாள். மேகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். முதல் தூறல் விழுந்துவிட்டிருந்தது. "நீங்க சொன்னது உண்மையாவே இருக்கட்டும். அத வெச்சு அண்ணன் மூட்டைய எறக்க மாட்டாவ. இன்னைக்கு ஈரம் இருக்கும்போதே விதைக்கணும். வீட்டுக்கு ஒரு தாள், பதினாலு வீடு. போட்டுக் குடுங்க."

பரமசிவன் பஞ்சாயத்து மேசை முன் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு தாளையும் முப்பிடாதி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு மூட்டையை இறக்கினார். எம்.எஸ்ஸி., பி.எட். இரண்டையும் முழுசாக எழுதச் சொன்னார், எழுதினார். பதின்மூன்று மூட்டைகள் இறங்கின. பதினாலாவது வெயிலம்மாள் வீட்டுத் தாள். 'இரா.' என்று இனிஷியலை எழுதியதோடு பேனாவில் மை தீர்ந்துவிட்டது. உதறினார், ஊதினார், வரவில்லை. ஊரில் வேறு பேனா வைத்திருந்தவர் பஞ்சாயத்து கிளார்க் ஒருவர்தான். அவர் ஓட்டப்பிடாரத்துக்குப் போயிருந்தார். மேசைமேல் கைநாட்டு வைக்கிற மை அட்டை மட்டும் கிடந்தது.

மழை வலுத்தது. சனங்கள் மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு காட்டுப்பக்கம் ஓடினார்கள். முப்பிடாதி கடைசி மூட்டைமேல் கையை வைத்தபடி நின்றார்.

வெயிலம்மாள் மை அட்டையைத் திறந்து, பரமசிவனின் இடது பெருவிரலைப் பிடித்து அதில் ஒற்றினாள். "அழுத்தி வைங்க சார், ரேகை தெரியணும்" என்றாள்.

பரமசிவன் அழுத்தி வைத்தார்.